ஃபார்மட் செய்தும் கம்பெனி பெயர் போகாத லேப்டாப்: கோளாறு எங்கே, சரிசெய்ய வேண்டியவர் யார்?

வட சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. கம்பெனி கொடுத்த லேப்டாப். ஒரு நாள் கரண்ட் போய் வந்த பிறகு ஆன் ஆகவில்லை. பக்கத்துக் கடையில் கொடுத்தார். கடைக்கார அண்ணன் பின்பக்க மூடியைத் திறந்து ஏதோ செய்து ஆன் பண்ணிவிட்டார், ஆனால் நீலத் திரை வந்து 48 இலக்க எண் கேட்டது. எண் தெரியாததால் ஃபார்மட் செய்து புது விண்டோஸ் போட்டுக் கொடுத்தார். இப்போது ஆரம்பத் திரையில் கம்பெனி பெயர் வருகிறது. ஆபீஸ் மெயிலும் பாஸ்வேர்டும் போட்டால் 80180014 என்று எரர். ஹெல்ப்டெஸ்க்கில் கேட்டால் "மறுபடி ட்ரை பண்ணுங்க" என்கிறார்கள். கடைக்காரரோ, கம்பெனித் திரையே வராதபடி செய்து தருகிறேன் என்கிறார். செய்யலாமா?

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தத் திரையைத் தாண்டலாமா என்பது வெளியே தெரிவது. இந்த லேப்டாப்பில் மறுபடி ஆபீஸ் வேலை பார்க்க முடியுமா, இதனால் வேலைக்கே ஏதாவது வருமா என்பதுதான் உள்ளே இருக்கும் கவலை. இரண்டுக்கும் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். தாண்ட வேண்டாம், தாண்டினால் ஆபீஸ் வேலை எதுவும் அதில் நடக்காது. லேப்டாப் ஆன் ஆகி, விண்டோஸ் ஏறி, இன்டர்நெட் வரை போகிறது என்றால் அதன் உறுப்புகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. 80180014 என்பது கம்பெனியின் சர்வர் பக்கத்திலிருந்து வரும் மறுப்பு. பெரும்பாலும் கம்பெனி அட்மின்தான் அதை நீக்க முடியும். அவருக்கு அது சில நிமிட வேலை. உங்கள் டிக்கெட்டை, அதாவது ஹெல்ப்டெஸ்க்கில் பதிவாகும் புகாரை, அந்த அட்மினின் மேசை வரை கொண்டுபோவதுதான் இப்போது உங்கள் வேலை. நான் பெரம்பூரில் இருக்கிறேன். கம்பெனி லேப்டாப்களைத் தயார் செய்து கொடுப்பதும், அவை மக்கர் செய்தால் பார்ப்பதும்தான் பல வருடமாக என் பிழைப்பு. உங்கள் மெஷினைக் கையில் எடுத்துப் பார்க்காமல் எழுதுவதால், எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

ஒரே கோளாறு நீண்டுகொண்டே போனது போல உங்களுக்குத் தோன்றியிருக்கும். நடந்தவை மூன்று, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இடங்களில். பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டில் இருக்கும் யூஇஎஃப்ஐ, அதாவது நாம் இன்னும் பயாஸ் என்றே சொல்லிக்கொண்டிருக்கும் நிரல், ராம், டிஸ்க் எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கும். அப்புறம் செக்யூர் பூட், விண்டோஸைத் துவக்கும் நிரலில் சரியான டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்று சோதிக்கும். அதன்பின் டிபிஎம் என்ற சிப், இதுவரை நடந்ததெல்லாம் வழக்கம்போலத்தான் நடந்ததா என்று ஒப்பிட்டுப் பார்த்து, சரி என்றால் மட்டும், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் சாவியைக் கொடுக்கும். டிஸ்க் திறக்கும், விண்டோஸ் ஏறும். கம்பெனியில் பதிவாவது, அதாவது என்ரோல்மென்ட், இவை எல்லாம் முடிந்து இன்டர்நெட் கிடைத்த பிறகு நடக்கிற வேலை. முதல் கட்டத்தில், அதாவது ஆன் ஆவதிலேயே சிக்கினால் அது மெக்கானிக் வேலை. இரண்டாவதில், டிஸ்க் திறப்பதில் சிக்கினால் ரெக்கவரி கீ வேண்டும். மூன்றாவதில், கம்பெனியில் பதிவாவதில் சிக்கினால் அட்மின் வேண்டும். கடையில் உங்களுக்கு முதலாவதைச் சரிசெய்து கொடுத்திருக்கிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவதையும் மூன்றாவதையும் ஸ்க்ரூடிரைவராலும் பென்டிரைவாலும் சரிசெய்ய முடியாது.

முதல் கட்டத்தில் என்ன நடந்தது என்பது ஊகம்தான். லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் கரண்ட் போனதால் மட்டும் அது சாகாது. கரண்ட் திரும்ப வரும்போது வோல்டேஜ் ஏறி அடாப்டர் போயிருக்கலாம்; மதர்போர்டில் மிச்ச மின்சாரம் தேங்கி அது உறைந்துபோயிருக்கலாம். இரண்டாவது வகை மிகச் சாதாரணம். சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை முப்பது நொடி விடாமல் அழுத்திப் பிடித்து, பிறகு சார்ஜரை மாட்டி ஆன் செய்தால் பல மெஷின்கள் எழுந்துகொள்ளும். திங்க்பேட் மாடல்கள் பலவற்றில் அடிப்பக்கத்தில் இதற்கென்றே ஊசி நுழையும் அளவு துளை இருக்கும். அடுத்த முறை கடைக்குப் போகும் முன் இதைச் செய்து பாருங்கள். விளக்கு மட்டும் எரிந்து திரை கறுப்பாகவே இருந்தால், அந்த விளக்கு எப்படிச் சிமிட்டுகிறது என்று பாருங்கள். டெல்லில் ஆரஞ்சும் வெள்ளையுமாக மாறி மாறிச் சிமிட்டும், எச்பியில் கேப்ஸ் லாக் விளக்கு சிமிட்டும். எத்தனை தடவை என்பதுதான் கோளாறின் பெயர். போனில் ஒரு வீடியோ எடுத்து ஹெல்ப்டெஸ்க்குக்கு அனுப்பினால் வாரன்டி எஞ்சினியர் சரியான பார்ட்டோடு வருவார்.

நம் பக்கத்துக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டிய வீடுகளில், ஜன்னலோரம் வைத்து வேலை பார்க்கும் லேப்டாப்களில் ராம் கோளாறு அதிகம் பார்க்கிறேன். கழற்றிப் பார்த்தால், தங்க நிறத்தில் பளபளக்க வேண்டிய பின்கள் மங்கி, ஓரத்தில் லேசாகப் பச்சை பூத்திருக்கும். உப்புக் காற்றின் வேலை. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து மறுபடி பொருத்தினாலே உயிர் வந்துவிடும். உங்கள் கடைக்காரரும் இதைத்தான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன். எண்ணூர், மணலி பக்கம் இருப்பவர்களுக்குத் தூசி கூடுதல் தொல்லை; ஃபேன் அடைத்து, சூடேறி, தானாக அணைந்துபோகும். டச்பேட் மேலே எழும்பி வந்தால் அது பேட்டரி உப்பியதன் அடையாளம். உடனே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள், அழுத்திச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நனைந்த லேப்டாப்களில் பலவும் தண்ணீரால் போனதைவிட, காய்ந்துவிட்டதா என்று பார்க்க உடனே ஆன் செய்ததால் போனவை. நனைந்ததை ஆன் செய்யவே கூடாது.

இரண்டாவது கட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்களுக்கு உண்மையான நஷ்டம் அங்கேதான் நேர்ந்தது. நீலத் திரையில் கேட்ட 48 இலக்க எண்தான் பிட்லாக்கர் ரெக்கவரி கீ. டிஸ்க் கெட்டுப்போனது என்று அதற்கு அர்த்தம் இல்லை. மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்றியதில் பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். டிபிஎம் ஒப்பிட்டுப் பார்த்து, வழக்கம்போல இல்லையே என்று சாவியைக் கொடுக்க மறுத்திருக்கும். இது என் ஊகம்தான், ஆனால் நீங்கள் சொன்ன வரிசைக்கு நன்றாகப் பொருந்துகிறது. பயாஸ் அப்டேட், செக்யூர் பூட்டை மாற்றுவது, மதர்போர்டை மாற்றுவது எல்லாமே இதே திரையைக் கொண்டுவரும். அந்த எண் கம்பெனியிடம் இருக்கும். கம்பெனி லேப்டாப்பில் பிட்லாக்கரை இயக்கும்போதே அது கம்பெனியின் டைரக்டரியில் சேமிக்கப்படும்படிதான் வழக்கமாக அமைத்திருப்பார்கள். கம்பெனி அனுமதித்திருந்தால், போனிலிருந்தே மைக்ரோசாஃப்ட்டின் மை அக்கவுன்ட் பக்கத்தில் ஆபீஸ் மெயிலால் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நீலத் திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளும் அங்கே இருப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் பெயரில் இரண்டு மூன்று லேப்டாப் இருந்தால் எண் மாறிப்போகும். போனில் யாராவது எண்ணைச் சொல்லச் சொல்லத் தட்டும்போது ஒரு உபாயம் உண்டு: 48 இலக்கமும் ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகள், ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். வகுபடாவிட்டால் காதில் தவறாக விழுந்திருக்கிறது.

2024 ஜூலை 19 அன்று, பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் தவறான அப்டேட் ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றதைப் படித்திருப்பீர்கள். சரிசெய்யும் முறை எளிதுதான், ஒரு கோப்பை நீக்கினால் போதும். அப்படியும் பல கம்பெனிகளில் நாள் கணக்கில் இழுத்ததற்கு ஒரு காரணம், மெஷின் மெஷினாக இந்த 48 இலக்க எண்ணைத் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்ததுதான். அந்த எண்ணைக் கேட்டு ஹெல்ப்டெஸ்க்குக்கு வருவது அவர்களுக்கு அன்றாட வேலை. கேட்கத் தயங்க வேண்டிய விஷயமே இல்லை.

ஃபார்மட் செய்ததில் சி டிரைவில் மட்டும் இருந்த கோப்புகள் போய்விட்டன. இது உறுதி. பிட்லாக்கர் போட்ட டிஸ்க்கை ஃபார்மட் செய்து அதன்மேல் விண்டோஸும் போட்ட பிறகு, டேட்டா ரெக்கவரி என்று காசு கேட்பவரிடம் கொடுத்து ஏமாறாதீர்கள். சாவி சம்பந்தப்பட்ட தகவலே அழிந்துவிட்டதால் மிச்சம் இருப்பதைப் படிக்க வழியில்லை. ஆனால் பல கம்பெனிகள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களை ஒன்டிரைவோடு இணைத்து வைத்திருக்கும். போனில் ஒன்டிரைவைத் திறந்து பாருங்கள். அங்கே இருந்தால் எதுவும் போகவில்லை.

இனி 80180014. விண்டோஸ் லேப்டாப்களைக் கம்பெனிகள் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட்டின் இன்ட்யூன் வழியாகத்தான் நிர்வகிக்கின்றன, அதோடு ஆட்டோபைலட் என்ற ஏற்பாடும் இருக்கும். ஆட்டோபைலட்டில், பெரும்பாலும் வாங்கும்போதே லேப்டாப்பின் ஹார்டுவேர் ஹேஷ் மைக்ரோசாஃப்ட்டிடம் கம்பெனி பெயரில் பதிவாகிவிடும். சீரியல் எண், டிபிஎம் விவரம், மதர்போர்டு அடையாளம் எல்லாம் சேர்ந்த கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது டிஸ்க்கில் இல்லாததால் ஃபார்மட்டால் அழியாது. புது விண்டோஸ் இன்டர்நெட்டைத் தொட்டவுடன் கேட்கும், பதில் வரும், கம்பெனி பெயர் திரையில் வரும்.

இங்கே நீங்கள் சொல்லாத ஒரு விவரம் எனக்குத் தேவை. முழுப் பதிலும் அதில்தான் இருக்கிறது. கம்பெனி பெயர் எப்போது வந்தது? வைஃபையில் இணைந்ததும், நீங்கள் மெயில் ஐடி எதுவும் தட்டுவதற்கு முன்பே வந்ததா? அப்படியென்றால் ஆட்டோபைலட் பதிவு உயிரோடு இருக்கிறது, கடையில் மதர்போர்டை மாற்றவில்லை என்பதும் அதிலிருந்தே தெரிந்துவிடும். மெயில் ஐடியைத் தட்டிய பிறகு, பாஸ்வேர்டு கேட்கும் பக்கத்தில் லோகோவாக மட்டும் வந்ததா? அப்படியென்றால் அது ஒன்றையும் நிரூபிக்காது. எந்தக் கணினியில் தட்டினாலும் அந்த லோகோ வரும், உங்கள் அம்மாவின் போனில் தட்டினாலும் வரும். லேப்டாப்பை முழுக்க அணைத்து, ஆரம்பத்திலிருந்து ஆன் செய்து, இதை மட்டும் கவனித்துப் பாருங்கள்.

ஏன் முக்கியம் என்றால், 80180014 பெரும்பாலும் இரண்டு காரணங்களால் வருகிறது. ஒன்று, சொந்த லேப்டாப்களைச் சேர்க்கக் கூடாது என்று கம்பெனி தடை போட்டிருப்பது. ஆட்டோபைலட்டில் பதிவாகாத மெஷினை, அது கம்பெனி காசில் வாங்கியதாகவே இருந்தாலும், இன்ட்யூன் சொந்த லேப்டாப் என்றே எடுத்துக்கொண்டு வெளியே நிறுத்திவிடும். மெயில் தட்டிய பிறகுதான் பெயர் வந்தது என்றால் உங்கள் கதை இதுவாகத்தான் இருக்கும்; அட்மின் அந்த மெஷினை ஆட்டோபைலட்டில் சேர்க்க வேண்டும். மற்றது, ஆட்டோபைலட்டில் பதிவு இருக்கிறது, ஆனால் இதே லேப்டாப் முன்பு சேர்ந்திருந்த பழைய பதிவு இன்ட்யூனில் அப்படியே கிடக்கிறது. குறிப்பாக, கம்பெனியே மெஷினை முன்கூட்டித் தயார் செய்து அனுப்பியிருந்தால், ஃபார்மட்டுக்குப் பிறகு மறுபடி சேர விடாமல் இந்த எரர் வரும். அட்மின் அந்தப் பழைய பதிவை நீக்க வேண்டும், அல்லது ஆட்டோபைலட் பட்டியலில் அன்பிளாக் கொடுக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் நீங்கள் வீட்டில் உட்கார்ந்து மறுபடி மறுபடி பாஸ்வேர்டு போடுவதால் சர்வரின் பதில் மாறாது. ஹெல்ப்டெஸ்க்கில் முதலில் போன் எடுப்பவருக்குப் பெரும்பாலும் இந்தப் பட்டியலைத் திறக்கும் உரிமையே இருக்காது. "மறுபடி ட்ரை பண்ணுங்க" என்று அவர் சொல்வதற்கு அதுதான் காரணம், உங்களை அலட்சியம் செய்வதாக நினைக்க வேண்டாம்.

இந்த எரரோடு, உங்கள் நிறுவனம் இந்த விண்டோஸ் பதிப்பை ஆதரிக்கவில்லை என்ற பொருளில் ஒரு ஆங்கில வரியும் வரும். அதைப் படித்துவிட்டு வேறு வேறு விண்டோஸைப் போட்டுப் பார்த்து நேரத்தை வீணாக்குபவர்கள் உண்டு. பதிப்பு காரணமாக இருக்கவும் வாய்ப்பு உண்டுதான், ஆனால் ஒரு தடவை பார்த்தால் போதும். அந்த ஆரம்பத் திரையிலேயே ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்துங்கள். சில லேப்டாப்களில் எஃப்என் பட்டனையும் சேர்க்க வேண்டும். கறுப்புப் பெட்டி திறக்கும். அதில் வின்வெர் என்று ஆங்கிலத்தில் தட்டினால் என்ன விண்டோஸ் என்று காட்டும். ஹோம் என்றோ ஹோம் சிங்கிள் லாங்வேஜ் என்றோ இருந்தால் இந்தத் திரை வழியாகக் கம்பெனியில் சேர்க்க முடியாது; ப்ரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் இவற்றில் ஒன்று வேண்டும். விண்டோஸ் 10 என்று இருந்தால், அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், குறைந்தது விண்டோஸ் 11 வேண்டும் என்று உங்கள் கம்பெனி விதி வைத்திருக்கக்கூடும். கடையில் லைசென்ஸ் இல்லாமல் ஆக்டிவேட் செய்த காப்பியைப் போட்டிருந்தால், அதை வைத்துக்கொண்டு மேலே போகாதீர்கள். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸை மறுபடி போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை.

பார்க்க வேண்டிய இன்னொன்று தேதி. கேட்கச் சின்னதாக இருக்கும். திருவொற்றியூரில் ஒரு வீட்டில் லாகின் பக்கமே சரியாகத் திறக்காமல் "சம்திங் வென்ட் ராங்" என்று வந்துகொண்டே இருந்தது. வைஃபையை மாற்றியாயிற்று, ஹாட்ஸ்பாட் போட்டாயிற்று, பாஸ்வேர்டையும் ரீசெட் செய்தாயிற்று. எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போனால், சிஸ்டம் டேட் என்ற இடத்தில் 2019 ஜனவரி 1 என்று இருந்தது. உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. சர்வர் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை செல்லும் என்றுதான் இருக்கும். லேப்டாப் தன்னை 2019-இல் இருப்பதாக நினைத்துக்கொண்டால், அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. தேதியைச் சரிசெய்ததும் லாகின் உள்ளே போய்விட்டது. புது மாடல்கள் சிலவற்றில் தனிப் பட்டன் பேட்டரியே கிடையாது, மெயின் பேட்டரியைக் கழற்றினாலே தேதி போய்விடும். உங்கள் லேப்டாப்பைக் கடையில் திறந்திருக்கிறார்கள். 80180014 தேதியால் வரும் எரர் இல்லை, ஆனாலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 80180014 சரியான பிறகு தேதிக் கோளாறு வந்து நிற்கக் கூடாது.

அப்புறம் டிக்கெட். போன் போட்டுக் கதை சொல்வதைவிட மெயிலில் எழுதுவது நல்லது. லேப்டாப்பின் அடியில் உள்ள சீரியல் எண், டெல் என்றால் ஏழு எழுத்து சர்வீஸ் டேக், எரர் எண் தெளிவாகத் தெரியும் போட்டோ, அது வந்த தேதி, நேரம், எந்த மெயில் ஐடியில் முயன்றீர்கள், விண்டோஸ் பதிப்பு, கம்பெனி பெயர் மெயில் தட்டும் முன்பு வந்ததா, பின்பா. இவ்வளவையும் முதல் மெயிலிலேயே போடுங்கள். கீழே மூன்று கேள்விகளை நேராகக் கேளுங்கள்: இந்த சீரியல் எண் ஆட்டோபைலட் பட்டியலில் இருக்கிறதா, அதற்குப் ப்ரொஃபைல் ஒதுக்கப்பட்டிருக்கிறதா? இன்ட்யூனில் இதே சீரியலில் பழைய பதிவு கிடக்கிறதா? இதை இன்ட்யூன் அட்மின் டீமுக்கு மாற்ற முடியுமா? மூன்றாவது கேள்விதான் டிக்கெட்டை நகர்த்தும். விண்டோஸ் 11-இல் அந்த எரர் திரையில் கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால், கம்பெனி அனுமதித்திருந்தால், விவரப் பக்கம் ஒன்று திறக்கும். அதிலிருந்து லாக் கோப்பைப் பென்டிரைவில் எடுத்து மெயிலோடு இணைத்தால் அட்மினுக்குப் பாதி வேலை குறையும்.

எண் வேறாக இருந்தால் காரணமும் வேறு. 801சி0003 என்றால் உங்கள் கணக்குக்கு லேப்டாப் சேர்க்க அனுமதி இல்லை, அல்லது சேர்க்கக்கூடிய எண்ணிக்கை முடிந்துவிட்டது. 80180018 என்றால் உங்கள் பெயரில் இன்ட்யூன் லைசென்ஸ் சரியாக இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அடிக்கடி வரும். 8018000ஏ என்றால் இந்த மெஷின் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இவை எல்லாமே அட்மின் பக்க வேலைகள்தான்.

அவர் சரிசெய்துவிட்டேன் என்று சொன்னதும் உடனே லாகின் போட்டு, மறுபடி அதே எரர் வந்தால் மனம் உடைய வேண்டாம். மாற்றம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரச் சில நிமிடமும் ஆகும், சில மணி நேரமும் ஆகும். லேப்டாப்பை முழுக்க அணைத்து, முதல் திரையிலிருந்து ஆரம்பியுங்கள். சேர்ந்த பிறகு, டிவைஸ், அக்கவுன்ட் என்று கட்டம் கட்டமாக ஒரு திரை ஓடும். ஆபீஸ், விபிஎன், ஆன்டிவைரஸ் எல்லாம் அப்போதுதான் இறங்கும், பல ஜிபி இருக்கும். அதற்கு வழக்கமான கெடு 60 நிமிடம். லைன் மெதுவாக இருந்தால் கெடு முடிந்து தோல்வி என்று காட்டிவிடும், அதைக் கோளாறு என்று நினைத்துப் பயந்துவிடுவார்கள். சார்ஜரை மாட்டி வையுங்கள், ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்காருங்கள், வீட்டில் மற்றவர்கள் படம் பார்க்காத நேரமாகத் தேர்ந்தெடுங்கள். கரண்ட் போனால் ரவுட்டரோடு ஃபைபர் டப்பாவும் அணைந்துவிடும், ஆகவே இரண்டுக்கும் சின்ன யுபிஎஸ் இருந்தால் நல்லது. வைஃபை டிரைவரே இல்லாமல் வைஃபை பெயர்கள் தெரியாவிட்டால், போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி யுஎஸ்பி டெதரிங் போடுங்கள், பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும்.

இப்போது கடைக்காரர் சொன்ன வழி. இன்டர்நெட் இல்லாமல் விண்டோஸை ஏற்றி, கம்பெனித் திரை வராதபடி சாதாரணக் கணக்கு ஒன்றை உருவாக்கித் தருவார். லேப்டாப் ஓடும், படம் பார்க்கலாம். ஆனால் ஆபீஸ் மெயிலைத் திறந்தால், இது பதிவான மெஷின் இல்லை என்று சர்வர் மறுத்துவிடும். பல கம்பெனிகளில் டீம்ஸ், விபிஎன் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். அடுத்த ரீசெட்டில் கம்பெனித் திரை திரும்ப வந்து நிற்கும். இது உங்கள் பொருள் இல்லை, உங்களை நம்பிக் கொடுத்த பொருள். அதன் பாதுகாப்பை வேண்டுமென்றே தாண்டியது தெரிந்தால், ஒரு சாதாரண பூட் கோளாறு ஒழுங்கு நடவடிக்கை விஷயமாக மாறிவிடும். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உங்கள் அவசரத்தைப் பார்த்து, தெரிந்த வழியைச் சொல்கிறார். கைகூப்பி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வேலைக்கு என்ன ஆகும் என்ற பயத்தைப் பற்றியும் எழுத வேண்டும். வீட்டில் முதன்முதலாகக் கம்பெனி லேப்டாப் கையில் வாங்கியவர்கள் நம் பகுதியில் நிறையப் பேர். கெட்டுப்போனால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று பயந்து, ஹெல்ப்டெஸ்க்கைக் கூப்பிடும் முன் கடைக்கு ஓடுகிறார்கள். கம்பெனி வாங்கும் லேப்டாப்களில் பலவற்றுக்கு வீட்டுக்கே எஞ்சினியர் வந்து பார்க்கும் வாரன்டி இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. என் கருத்து, நடந்ததை மறைக்காமல் மேனேஜருக்கும் ஐடிக்கும் எழுதிவிடுங்கள்: ஆன் ஆகவில்லை, வேலை நிற்கக் கூடாது என்று வெளியே காட்டினேன், அங்கே ஃபார்மட் செய்துவிட்டார்கள். கம்பெனி முதலில் கவலைப்படுவது, தகவல் வெளியே போயிற்றா என்பதைப் பற்றித்தான். பிட்லாக்கர் எண் கேட்டு நின்ற டிஸ்க்கை அந்த எண் இல்லாமல் யாரும் படித்திருக்க முடியாது. இதை மெயிலில் ஒரு வரியாகச் சேருங்கள்; உங்களுக்குச் சாதகமான விஷயம் அது. அவர்கள் என்ன முடிவெடுப்பார்கள் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் லாக் எல்லாம் அவர்களிடம் இருக்கும்போது, அவர்களாகக் கண்டுபிடிப்பதைவிட நீங்களாகச் சொல்வது நிச்சயமாக நல்லது.

பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ பழைய லேப்டாப் வாங்கி, அதில் முன்பின் தெரியாத கம்பெனி பெயர் வருகிறது என்பவர்களுக்கும் இதே விளக்கம்தான், முடிவு மட்டும் வேறு. அந்தப் பதிவை நீக்க அந்தக் கம்பெனியால்தான் முடியும், உங்களுக்கு அங்கே டிக்கெட் போட இடமில்லை. விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள். வாங்கும் முன்பே கடையில் நின்று ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, முதல் சில திரைகளைப் பாருங்கள். மேக்புக் என்றால் ரிமோட் மேனேஜ்மென்ட் என்று வரும், குரோம்புக் என்றால் நிறுவனத்தில் சேரச் சொல்லும். ரீசெட் செய்ய விற்பவர் மறுத்தால் அதை வாங்க வேண்டாம்.

அட்மின் பழைய பதிவை நீக்கிய பிறகும் லாகின் ஆகவில்லை என்றால், அப்போது வரும் எண்ணையும், கம்பெனி பெயர் எந்தத் திரையில் வந்தது என்பதையும் இங்கேயே எழுதுங்கள். சீரியல் எண்ணும் மெயில் ஐடியும் மட்டும் பொதுவில் போட வேண்டாம்.